கேட்காத கடனுக்கு ஒரு விசாரணை

என் கடன் அறிக்கையின் விசாரணைப் பகுதியில், நான் வாசலைக்கூட மிதித்தறியாத ஒரு வங்கி சாரா நிதி நிறுவனம், மூன்று லட்சம் ரூபாய் தனிநபர் கடனுக்காக என் கடன் வரலாற்றைக் கேட்டுப் பெற்றதாக ஒரு வரி இருந்தது. எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாங்கட்டில் ஓடு மாற்ற வேண்டியிருந்ததால் காரைக்குடியில் ஒரு வங்கியை அணுகியிருந்தேன். பல பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டை, பினாங்கிலும் சென்னையிலும் இருப்பவர்கள் உட்பட எல்லோரும் கையெழுத்திடாமல் அடமானம் வைக்க இயலாது என்பதால், என் ஓய்வூதியத்தைக் காட்டித் தனிநபர் கடனே கேட்டிருந்தேன். அந்த வரியைக் கண்ட வங்கி அலுவலர், வேறு எங்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார். எங்கும் இல்லை என்று நான் சொன்னதை அவர் முழுவதும் நம்பியதாகத் தெரியவில்லை.

கடன் தர முனையும் நிறுவனம், நம் கடன் வரலாற்றைத் தொகுத்து வைக்கும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்திடம் நம்மைப் பற்றிக் கேட்கும்போது, அதன் பெயர், கேட்ட நாள், கடனின் வகை, தொகை ஆகியவை அறிக்கையில் பதிவாகின்றன. நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால், கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவோமா என்பதைக் காட்டும் கடன் மதிப்பெண் குறைவதில்லை; கடன் கொடுப்பவர் விண்ணப்பத்தின் பேரில் கேட்டால் சில புள்ளிகள் குறையக்கூடும். 300 முதல் 900 வரை செல்லும் அளவுகோலில் ஒற்றை விசாரணையால் பெரிய சேதம் நேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் குறுகிய காலத்தில் இத்தகைய வரிகள் அடுத்தடுத்து நின்றால், இவர் பணத்துக்கு அலைகிறார் என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் எழும். அந்த எண்ணத்தைப் புள்ளிக்கணக்கில் அளக்க முடியாது.

செட்டிநாட்டில் பிறந்தவனுக்கு விசாரிப்பது புதிதன்று. பர்மாவிலும் மலேயாவிலும் எங்களவர் வட்டிக்கடை நடத்திய காலத்தில், கடன் கேட்டு வந்தவரைப் பற்றி, எங்களவர் கூடித் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியில் நாலு பேரிடம் கேட்டறியாமல், கடையை நடத்திய மேலாள் பெட்டியைத் திறந்திருக்கமாட்டார். அதற்குக் கடன் கேட்டவரின் ஒப்புதலையும் யாரும் நாடியிருக்கமாட்டார்கள். ஆனால் பேரேட்டில் ஏறியது கொடுக்கல் வாங்கல் மட்டுமே. இன்றைய ஏற்பாட்டில் விசாரித்த செயலே ஒரு பதிவாகி, அடுத்து வருபவரெல்லாம் படிக்கும்படி நிற்கிறது. ஆகவே, ஒரு வரிதானே, போகட்டும் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2005 ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டத்தின் 22 ஆம் பிரிவு, அதிகாரமின்றி ஒருவருடைய கடன் தகவலைப் பெறுவதைத் தண்டனைக்குரியதாக்கி, ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அவ்வாறு பெற்ற தகவலை எந்த நோக்கத்துக்கும் கணக்கில் கொள்ளக்கூடாது என்றும் சொல்கிறது. அறிக்கையில் உள்ள தகவலைத் திருத்தக் கேட்கும் உரிமை 21 ஆம் பிரிவில் இருக்கிறது. இதற்காக வழக்குப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தில் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டால், அது வாடிக்கையாளர் சேவை மேசையைத் தாண்டிப் பொறுப்பானவர் ஒருவரின் கைக்குப் போய்ச் சேருகிறது.

பெரும்பாலானோர் முதலில் கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்தில்தான் முறையிடுகிறார்கள். அது தவறன்று, ஆனால் அந்நிறுவனம் தானாக எதையும் அழிப்பதில்லை. நம் முறையீட்டை, விசாரித்த கடன் நிறுவனத்துக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் பதிலின்படியே திருத்துகிறது அல்லது மறுக்கிறது. கடன் நிறுவனம் தன் கணினியில் ஒரு விண்ணப்ப எண்ணைப் பார்த்துவிட்டு, விசாரணை சரியானதே என்று ஒரு சொல்லில் பதிலளித்துவிட்டால் நம் முறையீடு அதோடு முடிந்துவிடும். ஆகவே நான் கடன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கே முதல் கடிதத்தை எழுதினேன்.

விசாரணையை நீக்குங்கள் என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த அடிப்படையில் விசாரித்தீர்கள் என்பதைக் காட்டும்படி கேட்க வேண்டும். விண்ணப்பம் எந்த நாளில், இணையத்தின் வழியாகவா முகவர் வழியாகவா வந்தது, ஒப்புதல் எந்தக் கைப்பேசி எண்ணுக்கு வந்த ஓடிபியால் பதிவாயிற்று, விண்ணப்பத்தில் இருந்த முகவரியும் மின்னஞ்சலும் எவை, என் பான் எண் யாரிடமிருந்து கிடைத்தது ஆகியவற்றை நகல்களுடன் கேட்டேன். ஒப்புதலைக் காட்ட இயலாவிட்டால், விசாரணையைத் திரும்பப் பெறுவதாகக் கடன் தகவல் நிறுவனத்துக்கு எழுதி, அதன் நகலை எனக்கு அனுப்ப வேண்டும் என்றும் சேர்த்தேன். கடிதத்துடன் அறிக்கையின் அந்த ஒரு பக்கத்தை மட்டும் இணைத்தேன். முழு அறிக்கையையும் அனுப்பினால், நம்மை ஒப்புதலின்றி எட்டிப் பார்த்தவரிடமே நம் மற்றக் கணக்குகளையும் கொடுத்ததாகிவிடும்.

முதல் பதில், எல்லோருக்கும் அனுப்பும் அச்சுப் பதில்: தங்கள் ஒப்புதலின் பேரிலேயே விசாரணை நடந்தது என்று இரண்டு வரிகள். ஒப்புதல் இருக்கிறது என்று சொல்வது வேறு, அதைக் காட்டுவது வேறு என்பதைச் சுட்டி, அதே கேள்விகளை மீண்டும் அனுப்பினேன். இம்முறை ஒரு பதிவுத்தாள் வந்தது. அதில் பான் எண்ணும் பெயரும் என்னுடையவை. கைப்பேசி எண் என்னுடையதன்று. முகவரி வேறு மாவட்டம். கமிஷனுக்கு வேலை செய்யும் முகவர் ஒருவர் வழியாக விண்ணப்பம் வந்திருந்தது. அந்தத் தாள் கிடைத்த பிறகு வாதாட எதுவும் மிஞ்சவில்லை. அந்த எண் என் பெயரில் இல்லை என்று எழுதி, என் பான் எண்ணோடு இணைந்து வங்கியில் பதிவாகியிருக்கும் எண்ணுக்குச் சான்று வைத்தேன். விசாரணையைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்டது.

அதன் பிறகே கடன் தகவல் நிறுவனத்தில் முறையீட்டைப் பதிவு செய்தேன். அறிக்கையின் மேற்பகுதியில் இருக்கும் கட்டுப்பாட்டு எண்ணைக் கொடுத்து, விசாரணைப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கடிதத்தையும் இணைத்தேன். இதற்குக் கட்டணம் கிடையாது. 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, முறையீட்டை 30 நாள்களுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு நமக்குத் தர வேண்டும். அதில் 21 நாள்களுக்குள் கடன் நிறுவனம் தன் பங்கை முடிக்காவிட்டால் பொறுப்பு அதனுடையது. எனக்கு அந்த இழப்பீடு கேட்கும் நிலை வரவில்லை. பதில் வராமலோ ஏற்க முடியாததாகவோ இருந்தால், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் அந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. நிறுவனத்துக்கு எழுதியதற்குச் சான்று இல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்புவார்கள் என்பதால், எல்லாவற்றையும் எழுத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. தொலைபேசியில் இனிமையாகப் பேசியவர்களின் உறுதிமொழிகளால் எனக்கு ஒரு பயனும் விளையவில்லை.

இதே சுற்றறிக்கைகளின் வரிசையில், நம் அறிக்கையை யாராவது எடுத்தால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ நமக்கு வர வேண்டும் என்ற ஏற்பாடும் இருக்கிறது. எனக்கு அது வராததன் காரணம் அறிக்கையிலேயே இருந்தது: பழைய கடன் ஒன்றின் வழியாகப் போன, இப்போது பயன்பாட்டில் இல்லாத கைப்பேசி எண்ணே அங்கே நின்றது. தொடர்பு விவரப் பகுதியை யாரும் படிப்பதில்லை. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம்.

எல்லா விசாரணைகளையும் மறுக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர், வீட்டு உபயோகப் பொருள் கடையில் தவணைக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஓடிபியும் கொடுத்துவிட்டு, பொருள் வாங்காமல் வந்ததால் அந்த விசாரணையை நீக்க வேண்டும் என்கிறார். கடன் வாங்காமல் விட்டது விசாரணைக்கு அவர் கொடுத்த ஒப்புதலை இல்லாததாக்காது. அத்தகைய வரி காலப்போக்கில் தன் எடையை இழக்கும் வரை பொறுத்திருப்பதே வழி. சிபில் சரிசெய்து தரப்படும் என்று விளம்பரம் ஒட்டிப் பணம் பறிப்பவர்களாலும் அதை நீக்க முடியாது; நாமே இலவசமாகச் செய்யக்கூடிய முறையீட்டைத்தான் அவர்கள் நம் பான் எண்ணையும் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள். விசாரணையோடு நிற்காமல் நம் பெயரில் கடனே வழங்கப்பட்டிருந்தால், அது ஆள்மாறாட்டம். உடனே இணையவழிக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணிலும் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்க வேண்டும்.

இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கடன் நிறுவனம் எதனிடம் கேட்டதோ அதில்தான் விசாரணை பதிவாகும் என்பதால், ஓர் அறிக்கையில் நீங்கியதும் வேலை முடிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. மற்ற மூன்றையும் எடுத்துப் பார்த்தபோது, அதே நிறுவனம் அதே நாளில் இன்னொன்றிடமும் கேட்டிருந்தது தெரிந்தது. எனக்கு எழுதிய கடிதத்தில் அவர்கள் அதைக் குறிப்பிடவில்லை. அங்கும் அந்தக் கடிதத்தையே இணைத்து முறையிட்டேன். இரண்டாவது வரியும் நீங்கியது. என் பான் எண் அந்த முகவரிடம் எவ்வாறு சென்றது என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. அதைக் குறைதீர்ப்பாளரிடம் தனி மனுவாகக் கொடுத்திருக்கிறேன்.