தாது எந்தப் பக்கம் இறங்குகிறது?

ஓடிக்கொண்டிருக்கும் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய நிலத்தில் தங்கம் தேடலாம் என்றதும், சுரங்கம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அங்குள்ள தாது எந்தத் திசையில், எவ்வளவு சரிவில் கீழிறங்குகிறது என்பதே நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி.

பழங்கால எரிமலைப் பாறைகள் மிகுந்த பச்சைப்பாறைப் பட்டைகளில், பாறை நசுங்கி நழுவிய மண்டலங்கள் வழியே சூடான நீர் மேலேறி குவார்ட்ஸ் நரம்புகளைப் படியவைத்திருக்கும். நரம்பு முழுவதும் தாது ஆகிவிடாது. நரம்பு வளையும் இடத்திலும், இரும்பு மிகுந்த பாறையைக் கடக்கும் இடத்திலும்தான் செறிவு கூடும். தங்கம் அந்த நீரில் கந்தகத்தோடு பிணைந்து வருகிறது. இரும்பு அந்தக் கந்தகத்தைப் பிடித்துப் பைரைட் ஆக்கிக்கொள்ள, தங்கம் படிந்துவிடுகிறது.

செறிவான பகுதி, நரம்புக்குள் சாய்ந்த தூண்போல நெடுந்தூரம் இறங்கும். கோலாரில் சாம்பியன் நரம்பைத் தொடர்ந்து 3 கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். சுரங்கத்தில் தரைமட்டத்தில் தொடங்கும் தூண், 45 பாகையில் நம் நிலத்தை நோக்கி இறங்குகிறது, எல்லை 500 மீட்டர் தொலைவில் என்று வையுங்கள். எல்லைக்கு வரும்போது அது 500 மீட்டர் ஆழத்தில் இருக்கும். 150 மீட்டர் துளைகள் பத்துப் போட்டாலும் அகப்படாது. எதிர்த்திசையில் இறங்கினால், நம் பக்கத்துப் பகுதி எப்போதோ அரிக்கப்பட்டுப் போயிருக்கும். அதே மண்டலத்தில் வேறு தூணைத்தான் தேட வேண்டும்.

மண் மாதிரிக் கோடுகள் நரம்புக்குக் குறுக்காக ஓடட்டும்: கோடுகளுக்கிடையே 100 மீட்டர், கோட்டில் 25 மீட்டருக்கு ஒரு மாதிரி. தங்கத்தோடு ஆர்சனிக்கையும் அளக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் அதன் தடம் தங்கத்தைவிட அகலமாகத் தெரியும். வெளியிலிருந்து வந்து படிந்த வண்டல் மூடிய இடத்தில் இந்த முறை உதவாது.

துளை, கூடியவரை நரம்புக்குச் செங்குத்தாக அதை வெட்ட வேண்டும். 30 பாகைக் கோணத்தில் வெட்டினால், துளையிலிருந்து எடுக்கும் கல் உருளையில் 10 மீட்டராகத் தெரியும் தாதுவின் உண்மைத் தடிமன் 5 மீட்டர்தான்.

அதிகம் ஏமாற்றுவது பருமணித் தங்கம். வழக்கமான 30 கிராம் சோதனையில் ஒரு மணி விழுந்தால் செறிவு எகிறும், விழாவிட்டால் வெறும் கல். கண்ணுக்குத் தங்கம் தெரிந்தால், 1 கிலோ மாதிரியை அரைத்துச் சலித்து, சல்லடையில் தங்கியதையும் கீழே விழுந்ததையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். செறிந்த மாதிரிக்கு அடுத்ததாகத் தங்கமில்லாக் கல்லை அனுப்புங்கள். அதில் தங்கம் காட்டினால் அரைவை இயந்திரம் சுத்தம் செய்யப்படவில்லை. அறுத்த உருளையின் மறுபாதி பெட்டியிலேயே இருக்கட்டும், மறுசோதனைக்கு அது தேவைப்படும்.