விட்டுப்போன மாத்திரையைப் பற்றிக் கேட்பது

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" புறநோயாளிப் பிரிவில் இந்தக் கேள்வியைக் கேட்காத நாளில்லை. "சாப்பிடுறேன் டாக்டர்" என்ற பதிலும் மாறுவதில்லை. கேள்வியின் தொனியே வேறு பதிலுக்கு இடம் விடுவதில்லை. இல்லை என்று சொன்னால் திட்டு விழும் என்று எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு நன்றாகத் தெரியும். வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோய்களுக்குச் சொன்னபடி மருந்து எடுப்பவர்கள் ஏறத்தாழ 50 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் கணித்தது. அப்படியானால் நாம் நம்பிக்கொண்டிருக்கும் "ஆமாம்"களில் பாதி உண்மையில்லை.

அந்தப் பொய்யை நோயாளியின் குற்றமாகப் பார்க்கும் பழக்கம் எங்கள் தொழிலில் ஆழமாக ஊறியிருக்கிறது. அதன் விளைவு எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் 160 காட்டுகிறது. மருந்து போதவில்லை என்று நினைத்து 5 மில்லிகிராம் அம்லோடிபினை 10 ஆக்குகிறோம். அடுத்த முறையும் 160 என்றால் இரண்டாவது மாத்திரை, பிறகு மூன்றாவது. வீட்டில் இவற்றில் ஒன்றைத்தான் சாப்பிடுகிறார், அதையும் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு வேறு ஏதோ காரணத்துக்காக வார்டில் சேர்கிறார். சீட்டில் உள்ள மூன்றையும் செவிலியர் வேளை தவறாமல் கொடுக்கிறார். மறுநாள் காலை எழுந்து நிற்கும்போது அழுத்தம் 90-க்குக் கீழே சரிகிறது, தலைசுற்றி விழுகிறார், சிறுநீர் குறைகிறது. எல்லாரும் சொன்னதைச் செய்ததாலேயே வந்த ஆபத்து இது. முதல் சந்திப்பிலேயே அவரால் உண்மையைச் சொல்ல முடிந்திருந்தால் ஒரே மாத்திரையோடு முடிந்திருக்கும்.

கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாலே நிறைய மாறும். "தினமும் மாத்திரை சாப்பிடுறது யாருக்குமே கஷ்டம்தான். போன வாரத்துல எத்தனை வேளை விட்டுப்போச்சு?" விட்டுப்போவது இயல்பு என்று முதலில் நாமே ஒத்துக்கொள்கிறோம், அடுத்து எண்ணிக்கை கேட்கிறோம். எண்ணைச் சொல்பவரிடம் எந்த மாத்திரை என்று கேட்கலாம். அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நியாயம் இருக்கும். சிறுநீர் பிரியும் மாத்திரையைப் பயண நாளில் விடுகிறார். வழியில் கழிப்பறை கிடைக்காது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்குகிறது. ரத்த அழுத்தத்துக்கான ஏசிஇ தடுப்பான் வகை மாத்திரை தொடங்கியதிலிருந்து வறட்டு இருமல், இரவில் தூக்கமில்லை. அம்லோடிபினால் மாலையில் கணுக்கால் வீங்குகிறது, அதைப் பார்த்துச் சிறுநீரகம் போய்விட்டதோ என்று பயப்படுகிறார். தாம்பத்தியத்தில் வந்த தளர்ச்சிக்கு மருந்துதான் காரணம் என்ற சந்தேகம் இருந்தால், நாமாகக் கேட்காதவரை அவர் வாய் திறக்கமாட்டார்.

இவை ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. பயண நாளில் சிறுநீர் மாத்திரையின் நேரத்தைத் தள்ளிப்போடலாம். மெட்ஃபார்மினை 500 மில்லிகிராமில், சாப்பாட்டோடு தொடங்கி வாரத்துக்கொரு படியாக ஏற்றலாம், அல்லது மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாம். இருமல் வந்தால் ஏசிஇ தடுப்பானுக்குப் பதிலாக ஏஆர்பி என்ற வகை அழுத்த மருந்து இருக்கிறது. எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, காது கொடுத்தால் போதும்.

அமெரிக்காவில் 1984-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டார். சுவிட்சர்லாந்தில் 2002-இல் வெளியான இன்னொன்றில், குறுக்கிடாமல் விட்டபோது நோயாளிகள் பேசி முடிக்கச் சராசரியாக 92 வினாடிகள் ஆயின. நேரமில்லை என்று சொல்லும்போது நாம் மிச்சம் பிடிப்பது அந்த ஒன்றேகால் நிமிடத்தைத்தான்.

மருத்துவர் நோயாளி உறவில் மூன்று வகை உண்டு என்று சாஸ், ஹாலண்டர் என்ற இருவர் 1956-இலேயே எழுதினார்கள். மயக்கத்தில் கிடப்பவருக்கு மருத்துவர் செய்கிறார், அவர் பெற்றுக்கொள்கிறார். கடும் தொற்று வந்தவரிடம் மருத்துவர் சொல்கிறார், அவர் ஒத்துழைக்கிறார். சர்க்கரை நோய் போன்றவற்றில் சிகிச்சையை நடத்துபவரே நோயாளிதான், மருத்துவர் துணை நிற்கிறார். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பதினைந்து நிமிடம் என்று வைத்தால் எங்களோடு இருப்பது ஒரு மணி நேரம். மீதி நேரத்தில் என்ன சாப்பிடுவது, எத்தனை யூனிட் இன்சுலின் போடுவது, எப்போது விடுவது எல்லாம் அவர் முடிவு. சுயாதிகாரத்தை நாங்கள் அவருக்குக் கொடுப்பதாகப் பேசுவது தவறு. அது அவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தெரிந்து செய்கிறாரா, எங்களுக்குத் தெரியாமல் மறைத்துச் செய்கிறாரா என்பது மட்டுமே எங்கள் நடத்தையைப் பொறுத்தது.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். சொன்ன டோஸைப் போடுகிறேன் என்கிறார், சர்க்கரையோ ஒருநாள் 300, ஒருநாள் 60. பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவதற்கு முன் அவரைப் படுக்க வைத்து வயிற்றை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கட்டி விரலுக்குத் தெரியும். தொப்புளுக்குப் பக்கத்தில் தோல் ரப்பர் போலத் தடித்திருக்கும், கிள்ளினால் மற்ற இடம்போல மெல்லிசாக மடியாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தியதால் சேர்ந்த கொழுப்பு அது. அங்கே குத்தினால் வலி குறைவு, அதனால்தான் கை தானாக அங்கேயே போகிறது. ஆனால் மருந்து அங்கிருந்து ஒரு சீராக உறிஞ்சப்படுவதில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு விரல் அகலம் தள்ளிப்போகச் சொல்ல வேண்டும். இதில் பலர் தவறுவது அடுத்த படியில்: நல்ல தோலுக்கு மாறும்போது பழைய டோஸையே போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கும். டோஸைக் குறைத்துத் தொடங்கி, சில நாள் அடிக்கடி சோதிக்க வேண்டும்.

வேண்டுமென்றே டோஸைக் குறைப்பவர்களும் உண்டு. நள்ளிரவில் சர்க்கரை இறங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறி ஒருமுறை விழித்தவர் அதற்குப் பிறகு இரவு இன்சுலினில் நான்கு யூனிட்டைச் சத்தமில்லாமல் கழித்துவிடுவார். அவர் கணக்கில் தவறே இல்லை. எங்களிடம் சொன்னால் மருந்தின் வகையையோ நேரத்தையோ மாற்றலாம். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறு சோதனை என்று கற்றுக்கொடுக்கலாம். சொல்லாவிட்டால் காலைச் சர்க்கரையைப் பார்த்து நாங்கள் நான்கைக் கூட்டுவோம், அவர் எட்டைக் கழிப்பார்.

ஆபத்தை எப்படிச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். ஒரு மாத்திரையால் மாரடைப்பு வாய்ப்பு 100 பேரில் 20-இலிருந்து 15-ஆகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். "25 சதவீதம் குறையும்" என்றாலும் உண்மை, "100-இல் 5 பேர் தப்பிப்பார்கள்" என்றாலும் உண்மை. முதலாவதை மட்டும் சொல்லிச் சம்மதம் வாங்குவது தள்ளிவிடுவதற்குச் சமம் என்றே நினைக்கிறேன். 100-ஐ அடிப்படையாக வைத்து இரண்டு எண்களையும் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். புரிந்ததா என்று கேட்டால் தலையாட்டுவார்கள். "நான் சரியா விளக்கினேனான்னு பாக்கணும், வீட்ல கேட்டா எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டால் எங்கே தடுமாறுகிறார் என்பது தெரியும்.

இலக்கு எண்ணும் பேச வேண்டிய விஷயம்தான். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யை 6 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முயன்ற அக்கார்டு ஆய்வில், சர்க்கரையை அப்படித் தீவிரமாகக் குறைத்த குழுவில் இறப்பு அதிகமாக இருந்ததால் அந்தப் பகுதியை 2008-இல் நிறுத்தினார்கள். எண் இறங்க இறங்க நல்லது என்ற நம்பிக்கைக்கு அது பெரிய அடி. தனியாக வாழும் எண்பது வயதுக்காரர், மயங்கி விழாமல் இருப்பதே எனக்கு முக்கியம், எட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும் என்கிறார் என்றால் அது மருத்துவரீதியாகவும் சரியான கணக்கு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு "சரி, உங்க இஷ்டம்" என்று சீட்டைத் தள்ளிவிடுவது சுயாதிகாரத்தை மதிப்பது ஆகாது. அது கைவிடுவது. எது நல்லது என்று நினைக்கிறோம், ஏன் நினைக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது. சில இடங்களில் அழுத்தியே சொல்ல வேண்டும்: நாள்பட எடுத்த ஸ்டீராய்டையும், வலிப்பு மருந்தையும், இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கரையும் திடீரென்று நிறுத்தக்கூடாது. வேண்டாம் என்றால் சேர்ந்து படிப்படியாகக் குறைப்போம், ஆனால் வந்து சொல்லாமல் நிறுத்தாதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

கூட வரும் குடும்பத்தார் பற்றி ஒன்று. நோயாளியிடம் கேட்ட கேள்விக்கு மகனோ மகளோ பதில் சொல்வது அன்றாடம் நடப்பது. பாசத்தில்தான் சொல்கிறார்கள். பரிசோதனைக்கு என்று சொல்லி ஐந்து நிமிடம் நோயாளியைத் தனியாகப் பார்க்கும் வழக்கத்தை எல்லாருக்கும் ஒன்றுபோல வைத்துக்கொண்டால் யார் மனமும் புண்படாது.

கடினமானது மறுப்பு. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் என்று சொன்னதும் ஒருவர் வேண்டாம் என்கிறார். முதலில் பார்க்க வேண்டியது நான்கு: சொன்னது புரிகிறதா, நினைவில் நிற்கிறதா, சீர்தூக்கிப் பார்க்க முடிகிறதா, முடிவைத் தெரிவிக்க முடிகிறதா. மனச்சோர்வு பேசுகிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதற்குச் சிகிச்சை உண்டு. பிறகு எது வேண்டாம் என்று கேட்க வேண்டும். இயந்திரமா, பயணமா, பிறருக்குப் பாரமாகிவிடுவோம் என்ற எண்ணமா? பயணம்தான் தடை என்றால் வீட்டிலேயே செய்யும் வயிற்று வழி டயாலிசிஸ் இருக்கிறது. சில வாரங்கள் செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று தேதி குறித்துத் தொடங்கலாம். எதுவுமே வேண்டாம் என்றாலும் மூச்சுத்திணறலுக்கும் அரிப்புக்கும் வாந்திக்கும் சிகிச்சை தொடரும் என்பதை அந்தச் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

கேஸ் ஷீட்டில் "நோயாளி மறுத்தார்" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்தினால் அடுத்து வரும் மருத்துவர் அவரை அடங்காதவர் என்றே படிப்பார். என்ன விளக்கினோம், அவர் சொன்ன காரணம் அவருடைய வார்த்தையிலேயே, எந்த நிலை வந்தால் மறுபடி யோசிப்பதாகச் சொன்னார், அடுத்து எந்தத் தேதியில் மறுபடி கேட்கப்போகிறோம் என்று எழுத வேண்டும். நான்கு வரி ஆகும்.