இதயப் பாடம்: அழுத்தத்தைப் பிடித்தால் வால்வுகள் தானாகப் புரியும்

பிளஸ் ஒன் விலங்கியலில் இரத்த ஓட்டம் வரும் பாடத்தை எடுத்தவுடன் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். படத்தை வரைந்து பாகம் குறித்துவிட்டு, மகாசிரை, வலது ஆரிக்கிள் (மேல் அறை), மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள் (கீழ் அறை) என்று வாய்ப்பாடு போல ஒப்பிப்பது. பள்ளித் தேர்வுக்கு அது போதும். நீட்டில் கேள்வி நடுவிலிருந்து வரும். "வெண்ட்ரிக்கிள் சுருங்கத் தொடங்கும் கணத்தில் எந்த வால்வு மூடியிருக்கும்?" என்று கேட்டால், முதலிலிருந்து ஒப்பித்துப் பழகியவர் மகாசிரையிலிருந்து ஆரம்பித்துத்தான் அங்கே வந்து சேர வேண்டும். அதற்கு நேரம் ஏது? 180 நிமிடத்தில் 180 கேள்வி.

தமிழ்வழியில் படித்து நீட் எழுதி, இப்போது எம்.பி.பி.எஸ். முதலாண்டில் உடலியங்கியல் படித்துக்கொண்டிருக்கிறேன். அதே இதயம் இங்கே பல மடங்கு பெரிதாக வருகிறது. ஆனால் பிளஸ் ஒன்னில் எனக்குக் கைகொடுத்த ஒரே கேள்விதான் இங்கேயும் கைகொடுக்கிறது: இந்தக் கணத்தில் எந்தப் பக்கம் அழுத்தம் அதிகம்? இதய வால்வு தானாக எதையும் முடிவு செய்வதில்லை. அதற்குத் தசையும் இல்லை, அதைத் திறக்கச் சொல்லும் நரம்பும் இல்லை. பின்னால், அதாவது இரத்தம் வரும் பக்கம், அழுத்தம் கூடினால் திறக்கும், முன்னால், அதாவது போகும் பக்கம், கூடினால் மூடும்.

இதை வைத்து ஒரு துடிப்பை நடத்திப் பாருங்கள். நான்கு அறைகளும் ஓய்வில் இருக்கும் நேரத்திலிருந்து தொடங்குவது எளிது. சிரைகளிலிருந்து ஆரிக்கிளுக்கு வரும் இரத்தம் அங்கே நிற்காமல் வெண்ட்ரிக்கிளுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இடது பக்கம் உள்ள ஈரிதழ், வலது பக்கம் உள்ள மூவிதழ் வால்வுகள் இரண்டும் திறந்திருக்கின்றன. வெண்ட்ரிக்கிள் நிரம்புவதில் பெரும்பகுதி இப்படிச் சும்மா இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. அப்புறம் துடிப்பைத் தொடங்கிவைக்கும் எஸ்.ஏ. கணு தூண்டலை அனுப்புகிறது, ஆரிக்கிள்கள் சுருங்குகின்றன. இது கூடுதலாகச் சேர்ப்பது ஏறக்குறைய 30 சதவீதம்தான். 'ஆரிக்கிள் சுருங்கினால்தான் வெண்ட்ரிக்கிளுக்கு இரத்தம் போகும்' என்ற வாக்கியத்தைக் கேள்வித்தாளில் பார்த்தால் உஷாராக இருங்கள்.

அடுத்தது வெண்ட்ரிக்கிள் சுருக்கம். உள்ளே அழுத்தம் ஏறத் தொடங்கி, ஆரிக்கிளின் அழுத்தத்தைத் தாண்டிய உடனே ஈரிதழும் மூவிதழும் மூடிக்கொள்கின்றன. 'லப்' என்ற முதல் ஒலி இதுதான். ஆனால் பெருந்தமனியில் அப்போது 80 மி.மீ. பாதரச அளவுக்கு அழுத்தம் இருக்கிறது. இடது வெண்ட்ரிக்கிள் அதை இன்னும் எட்டவில்லை, அதனால் பெருந்தமனியின் வாயிலில் உள்ள அரைச்சந்திர வால்வும் திறக்கவில்லை. அதாவது ஒரு சிறு கணம் நான்கு வால்வுகளும் மூடியே இருக்கின்றன. தசை இறுகுகிறது, அழுத்தம் ஏறுகிறது, உள்ளே இருக்கும் இரத்தத்தின் அளவோ மாறவில்லை. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது. இதை விளங்கிக்கொண்டவருக்கு மற்றதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 80-ஐத் தாண்டியதும் அரைச்சந்திர வால்வு திறக்கிறது, இரத்தம் பாய்கிறது, அழுத்தம் 120 வரை போகிறது. பிறகு வெண்ட்ரிக்கிள் தளரும்போது பெருந்தமனியின் அழுத்தம் மேலோங்கி வால்வை மூடுகிறது. அது 'டப்'. மறுபடியும் நான்கும் மூடிய ஒரு கணம். வெண்ட்ரிக்கிளின் அழுத்தம் ஆரிக்கிளைவிடக் கீழே போனதும் ஈரிதழும் மூவிதழும் திறக்கின்றன. அவ்வளவுதான், ஒரு சுற்று முடிந்தது.

ஆரிக்கிள் சுருக்கம் 0.1 நொடி, வெண்ட்ரிக்கிள் சுருக்கம் 0.3 நொடி, எல்லாம் ஓய்வில் 0.4 நொடி, மொத்தம் 0.8 நொடி என்ற கணக்கை, மேலே சொன்னது மனதில் ஓடத் தொடங்கிய பிறகு படியுங்கள். முதலிலேயே படித்தால் மூன்று எண்களும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஈரிதழ், மூவிதழ் வால்வுகளைப் பிடித்திருக்கும் நாண்களும் காம்புத் தசைகளும் வால்வை இழுத்துத் திறப்பதாக நினைக்கிறவர்கள் நிறைய. இல்லை. வெண்ட்ரிக்கிள் அழுத்தும்போது வால்வின் இதழ்கள் ஆரிக்கிள் பக்கம் புரண்டுவிடாமல் பிடித்து வைப்பதுதான் அவற்றின் வேலை.

வலது பக்கமும் இதே கதைதான், எண்கள் மட்டும் சிறியவை. நுரையீரல் தமனியில் உச்ச அழுத்தம் 25 மி.மீ. பக்கம்தான். நுரையீரல் பக்கத்தில் இருக்கிறது, தடையும் குறைவு. அதனால்தான் வலது வெண்ட்ரிக்கிளின் சுவர் மெல்லியது. ஆனால் நிமிடத்துக்கு வெளியேற்றும் இரத்தத்தின் அளவு இரண்டு பக்கமும் சமம். வலது பக்கம் குறைவாகத் தள்ளுகிறது என்று குறிப்பு எழுதி வைத்திருந்தால் அடித்துவிடுங்கள். குறைவாகத் தள்ளினால் சில நிமிடங்களிலேயே ஒரு பக்கம் வறண்டு மறுபக்கம் தேங்கிவிடும்.

கணக்கு எளிது. ஒரு துடிப்புக்கு 70 மி.லி., நிமிடத்துக்கு 72 துடிப்பு, பெருக்கினால் 5,040 மி.லி. வளர்ந்த ஒருவரின் உடலில் இருக்கும் மொத்த இரத்தமும் ஏறக்குறைய 5 லிட்டர். ஆக, ஓய்வில் இருக்கும்போதே உடலின் இரத்தம் முழுவதும் ஒரு நிமிடத்தில் சுற்றி வருகிறது. நீட்டில் இதைத் திருப்பிக் கேட்பார்கள். வெண்ட்ரிக்கிள் நிரம்பியபோது 100 மி.லி., சுருங்கி முடித்தபோது 50 மி.லி., நிமிட வெளியேற்றம் 5 லிட்டர், துடிப்பு எத்தனை? கழித்தால் 50, வகுத்தால் 100.

ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் இரத்தம் சுற்றுகிறது என்று நிறுவியதும் இந்த மாதிரிப் பெருக்கலால்தான். உண்ணும் உணவிலிருந்து கல்லீரல் புதிது புதிதாக இரத்தம் உண்டாக்குகிறது, உடல் அதைச் செலவழித்துவிடுகிறது என்று பண்டைய மருத்துவர் கேலன் காலத்திலிருந்து நம்பியிருந்தார்கள். அரை மணி நேரத்தில் இதயம் வெளியே தள்ளுவதைக் கணக்குப் போட்டாலே உடலில் உள்ள மொத்த இரத்தத்தைவிட அதிகம் வருகிறதே, அது திரும்பி வராமல் எப்படி என்று ஹார்வி கேட்டார். தமனிக்கும் சிரைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய குழாய்களான தந்துகிகளை அவர் பார்த்ததில்லை. அவற்றைத் தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியாக இத்தாலிய ஆய்வாளர் மால்பிஜி கண்டது 1661-இல், ஹார்வி இறந்த பிறகு.

ஹார்வி காட்டிய சோதனையை வீட்டிலேயே செய்யலாம். மேற்கையில் ஒரு துணியை லேசாகக் கட்டுங்கள், முன்கையில் சிரை புடைக்கும். அதில் ஓர் இடத்தை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கை நோக்கி வழித்துவிடுங்கள். நடுவில் உள்ள சிரை தட்டையாகவே இருக்கும். மேலே போன இரத்தத்தை வால்வு திரும்ப விடாது. கீழே அழுத்திய விரலை எடுத்தால் உடனே நிரம்பும். சிரையில் இரத்தம் ஒரே திசையில்தான் போகும் என்பதை அதற்குப் பிறகு நீங்கள் படிக்க வேண்டியதே இல்லை. கட்டை உடனே அவிழ்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

ஈ.சி.ஜி. படத்தில் பலரும் குழம்புவதற்குக் காரணம், அலைகளை நேரடியாகச் சுருக்கம் என்று எடுத்துக்கொள்வது. அலை என்பது மின்மாற்றம். சுருக்கம் அதற்குக் கொஞ்சம் பின்னால் வரும். பி அலை ஆரிக்கிளின் மின்முனைப்பு நீக்கம் (சுருக்கத்துக்கு முன் வரும் மின்மாற்றம்), க்யூ.ஆர்.எஸ். வெண்ட்ரிக்கிளுடையது, டி அலை வெண்ட்ரிக்கிள் பழைய நிலைக்குத் திரும்புவது. ஆரிக்கிள் திரும்புவது எங்கே என்று ஒரு தங்கை கேட்டாள், நல்ல கேள்வி. அது க்யூ.ஆர்.எஸ்.-க்குள் மறைந்துவிடுகிறது. பி-க்கும் க்யூ.ஆர்.எஸ்.-க்கும் நடுவில் உள்ள இடைவெளியில், தூண்டலை, ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவே உள்ள ஏ.வி. கணு வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறது. ஆரிக்கிள் காலி செய்து முடிப்பதற்குள் வெண்ட்ரிக்கிள் சுருங்கிவிடக் கூடாதல்லவா?

இதயம் துடிக்க நரம்பு தேவையில்லை, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும்தான் நரம்பு. 1967 டிசம்பரில் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்டு மனித இதயத்தை முதன்முதலில் மாற்றி வைத்தபோது, நரம்புகள் எல்லாம் அறுபட்ட இதயம்தான் புது உடலில் துடித்தது. மாற்று இதயம் ஓய்விலும் சற்று வேகமாகவே துடிக்கும். வேகத்தை அடக்கும் வேகஸ் நரம்பின் பிடி அதற்கு இல்லை. 'பரிவு நரம்பு வேகத்தைக் கூட்டும், இணைப்பரிவு நரம்பு குறைக்கும்' என்று எழுதி வைப்பதைவிட இந்த ஒரு செய்தி நன்றாக நிற்கும்.

இரத்த வகை, உறைதல், நிணநீர் இவற்றுக்கு இந்த முறை உதவாது. அவற்றைக் கட்டம் போட்டு மனப்பாடம்தான் செய்ய வேண்டும். கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்தே பழகுங்கள். கேள்வித்தாளில் இரண்டும் இருக்கும், மொழிபெயர்ப்பில் குழப்பம் என்றால் ஆங்கிலத்தில் உள்ளதைத்தான் இறுதியாக எடுத்துக்கொள்வார்கள். தமிழில் வாசித்து ஏதாவது இடறினால், விடையைக் குறிக்கும் முன் ஆங்கில வரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.