ஒற்றை விரலில் இரண்டு திருகு

மேடையில் லேப்டாப்புக்குப் பின்னால் நின்றபடி வாசிக்கும்போது, கை என்ன செய்கிறது என்பது எதிரில் இருப்பவர்களுக்குத் தெரிவதே இல்லை. கோர்க் நிறுவனம் 1999இல் கொண்டுவந்த கேயாஸ் பேட் என்ற, ஒலியை வாசிக்கும்போதே மாற்றும் எஃபெக்ட் கருவி எனக்கு இவ்வளவு பிடித்துப்போக அதுதான் காரணம். குமிழ்களுக்குப் பதிலாக விரலால் தொடும் பலகை. இடம் வலமாக நகர்த்தினால் ஒன்று மாறும், மேலும் கீழும் நகர்த்தினால் இன்னொன்று. ஃபில்டர் (ஒலியின் சில அதிர்வெண்களை வெட்டிவிடும் எஃபெக்ட்) என்றால் ஒரு திசையில் எந்த அதிர்வெண்ணில் வெட்டு, மற்றதில் அந்த வெட்டின் கூர்மை. இரண்டு குமிழ்களைத் திருகும் வேலையை ஒரு விரல் செய்துவிடுகிறது. கோலம் போடுவதுபோல வளைத்தால் ஒலியும் வளைகிறது!

ரேடியோஹெட் என்ற ஆங்கில ராக் குழுவின் கச்சேரிகளில் பாடகர் தாம் யார்க் பாடப் பாட, கிட்டார் கலைஞர் ஜானி கிரீன்வுட் அந்தக் குரலை இதில் பிடித்துத் துண்டாக்கி, அங்கேயே திருப்பி விடுவார். அந்தப் பதிவுகளை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. பாடகர் அடுத்த வரிக்குப் போன பிறகும் முந்தைய வரியின் சிதறல்கள் அரங்கில் சுற்றிக்கொண்டிருக்கும். முன்கூட்டியே பதிவு செய்து ஓட்டினால் அந்தப் பதற்றம் வராது.

அப்புறம், புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று. விரலை எடுத்ததும் எஃபெக்ட் நின்றுவிடும். ஹோல்ட் பொத்தானை அழுத்தினால்தான் அப்படியே நிற்கும். நான் முதல் மாதம் ஹோல்டைத் தொடவே இல்லை. எங்கே தொட வேண்டும் என்பதைவிட எப்போது விரலை எடுக்க வேண்டும் என்பதைத்தான் அந்த மாதம் முழுக்கப் பழகினேன்.