எங்களோடது வரலையா சார்?

"அப்போ எங்களோடது வரலையா சார்?" இவ்ளோதான் கேட்டாங்க. கோவமெல்லாம் இல்ல, ரேஷன் கடையில இந்த மாசம் பருப்பு வரலையான்னு கேக்குற மாதிரிதான். நானும் "இல்ல மேடம், இடம் பத்தல"ன்னு சொல்லி போன வச்சுட்டேன். பல இடத்துல சிதறிக் கிடக்குற ஹெல்த் டேட்டாவ ஒண்ணு சேக்குறத பத்தி நாங்க எழுதின ரிப்போர்ட், அதுக்கு உதாரணமா பாத்த ஆறு ப்ராஜெக்ட்ல மூணு எடுக்கணும், மூணு போகணும், போனதுல ஒண்ணு அவங்களோடது. எட்டு மாசம் ஆச்சு. அந்த "இடம் பத்தல" மட்டும் இன்னும் உறுத்துது, ஏன்னா அது பொய்.

எடுத்த மூணுக்கும் இப்போ கேட்டாலும் காரணம் சொல்வேன். ஃபின்லாந்துல 2019ல தனி சட்டமே போட்டு, ஃபின்டேட்டான்னு ஒரே ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கினா பல இடத்து ஹெல்த் டேட்டாவ சேர்த்து ஆராய்ச்சி பண்ணலாம்னு வச்சாங்க. 1960கள்லேர்ந்தே அங்க ஆளுக்கொரு நம்பர் இருக்கு, அத வச்சு கோத்துரலாம். அடுத்து அமெரிக்காவோட என்3சி, பல ஆஸ்பத்திரி ரெக்கார்ட ஒண்ணு சேக்க 2020ல கொரோனாவுக்காக ஆரம்பிச்சது, ஆஸ்பத்திரிங்க நாலு விதமான ஃபார்மட்ல குடுத்தத ஓமாப்ங்கற ஒரே மாடலுக்கு மாத்தினாங்க. தோத்தது ஒண்ணு வேணும்னு இங்கிலாந்தோட கேர்.டேட்டா. குடும்ப டாக்டருங்க கிட்ட இருக்குற ரெக்கார்ட எல்லாம் ஒரே இடத்துல சேக்குறோம்னு 2013ல கிளம்பி, ஜனங்களுக்கு ஒழுங்கா சொல்லாம, 10 லட்சத்துக்கும் மேல ஆளுங்க என்னோடத எடுக்காதன்னு எழுதிக் குடுத்து, 2014ல நிறுத்தி, 2016ல மூடியே விட்டாங்க.

மேடம் ஒரு டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், காண்ட்ராக்ட் வேலை. டிபி பேஷன்ட்டுக்கு சுகரும் சுகர் பேஷன்ட்டுக்கு டிபியும் பாக்கணும்ங்கறது 2017லேர்ந்தே இருக்குற வழிமுறைதான், ஆனா டிபி ஆளு அரசாங்கத்தோட நிக்ஷய்ங்கற டிபி போர்ட்டல்ல இருப்பாரு, சுகர் வேற ரெஜிஸ்டர்ல. ரெண்டையும் கோக்க ஒரு சின்ன ப்ராஜெக்ட், ஒண்ணரை வருஷம் ஓடி நின்னுபோச்சு. மிஞ்சினது அவங்க நோட்டு ஒண்ணு, லாங் சைஸ், பச்சை மையில.

கம்ப்யூட்டர்ல முதல் பேர், கடைசி பேர்னு ரெண்டு கட்டம். நம்ம ஆளுக்கு ஏது கடைசி பேர்? ஒரே முருகன் ஒரு எடத்துல கே. முருகன், இன்னொரு எடத்துல முருகன் கே, மூணாவதுல முருகன் கந்தசாமி. போன் நம்பர் மகளோடது, அதே நம்பர்ல மகளோட மாமியாரும் இருக்காங்க. சுகர் கட்டத்துல வெறும் 7.2ன்னு இருக்கும். மூணு மாச சராசரி சுகரா (ஹெச்பிஏ1சி), இல்ல சிங்கப்பூர்லேர்ந்து வந்தவர் கையோட கொண்டுவந்த ரிப்போர்ட்டா? அங்க யூனிட்டே வேற, 18ஆல பெருக்கினா நம்ம கணக்குக்கு 130 கிட்ட வரும், சாப்பிட்டப்புறம் எடுத்ததுன்னா அது நார்மல், மூணு மாச சுகர்னா சுகர் இருக்குன்னு அர்த்தம். இவங்க ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு கேட்டு பக்கத்துலயே எழுதி வச்சிருக்காங்க, "மகள் சொன்னது, மாத்திரை பாத்தேன்" அப்படின்னு.

"போட்டோ எடுத்துக்கோங்க சார்"னாங்க. நான் எடுக்கல. பேஷன்ட் பேரெல்லாம் இருக்கு, எடுக்கக்கூடாது, அது சரிதான். ஆனா மீட்டிங்ல எங்க லீட் "இதுக்கு என்ன இருக்கு தம்பி, ரிப்போர்ட் இருக்கா, மினிட்ஸ் இருக்கா, பேர் போட்டு பேச ஒரு ஆபீசராவது இருக்காரா"ன்னு கேட்டப்போ என் கையில ஒண்ணும் இல்ல. நோட்டு இருக்குன்னேன். யாரோ சிரிச்சாங்க, நானும் லேசா சிரிச்சேன்னு நினைக்கிறேன்.

அப்புறம் நானே எனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டேன். எழுதினா மாவட்டம் தெரியும், தெரிஞ்சா ஆள் தெரியும், வருஷா வருஷம் ரினியூவல் ஆகுற வேலை, அவங்களுக்கு ஏன் வம்புன்னு. இது உண்மைதான், இப்பவும் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்களுக்கு இதனால பிரச்சனை வருமா மேடம்னு ஒரு வார்த்தை நான் கேக்கலையே. டெட்லைன் நெருங்கலேன்னா கேட்டிருப்பேனோ என்னவோ. கேர்.டேட்டாவும் தோத்ததுதான், ஆனா அது தோத்ததுக்கு கமிட்டி அறிக்கை இருக்கு, பத்திரிகை செய்தி இருக்கு, உக்காந்த இடத்துலேர்ந்தே எழுதிட்டேன். இன்னொண்ணு, சொல்லவே கூச்சமா இருக்கு. என்3சில யூனிட் இல்லாம வந்த லேப் ரிசல்ட்ட மத்த ஆஸ்பத்திரி நம்பரோட ஒப்பிட்டு யூனிட் கண்டுபிடிச்சாங்க, அத நான் ரெண்டு பக்கம் பாராட்டி எழுதியிருக்கேன். அது முக்கியமான விஷயம்னு எனக்கு புரிஞ்சதே இந்த 7.2 பாத்தப்புறம்தான்.

போன வாரம் வாட்ஸப்ல மெசேஜ். "சார் ரிப்போர்ட் வந்துருச்சாமே, அனுப்புங்க, என் பொண்ணு காலேஜ்ல படிக்கிறா, படிச்சு சொல்லுவா." பிடிஎஃப்ப அட்டாச் பண்ணிட்டு, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ திறந்து பாத்தேன். கடைசி அத்தியாயத்துல ஒரு வரி, நான் எழுதினதுதான், உள்ளூர் முயற்சிகள் சிலவற்றுக்கு போதிய ஆவணங்கள் இல்லாததால் அவை சேர்க்கப்படவில்லைன்னு. அந்த பொண்ணு இத வாசிச்சு அம்மாவுக்கு சொல்லும், நோட்டு பீரோவுல இருக்கும். அட்டாச்மென்ட்ட எடுத்துட்டேன். ப்ளூ டிக் விழுந்து ஆறு நாளாச்சு.