காராங்கூனிக்குப் போக வேண்டிய மேக்புக்ல லினக்ஸ் ஏத்துன கதை

அக்கா விட்டுட்டுப் போன 2013 மேக்புக் ஏர் ஒண்ணு எங்க வீட்டு ஸ்டோர் ரூம்ல கிடந்துச்சு. 4 ஜிபி ராம், அதுவும் போர்டோட சால்டர் பண்ணது, கூட்டவும் முடியாது. ஆப்பிளோட மேக்ஓஎஸ்ஸும் பிக் சர்ங்கற பழைய வெர்ஷனுக்கு மேல ஏறாது. அம்மா, பழைய சாமான் வாங்குற காராங்கூனிக்காரர் வந்தா குடுத்துடுடான்னு சொல்லிட்டே இருந்தாங்க. அப்பாவுக்குத் தமிழ் முரசு படிக்கவும் தஞ்சாவூர் அத்தைகிட்ட வீடியோ கால் பேசவும் ஒரு மிஷின் வேணும், சரி இதுல மேக்ஓஎஸ்ஸுக்குப் பதிலா லினக்ஸ்ங்கற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தப் போட்டுப் பார்ப்போமேன்னு 2024 சிங்கப்பூர் தேசிய தினம் வெள்ளிக்கிழமை வந்துச்சே, அந்த மூணு நாள் லீவுல உக்காந்தேன்.

எடுத்தது லினக்ஸ் மின்ட் 22, அதுல பழைய மெஷினுக்கு ஏத்த லேசான எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். சிம் லிம் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தொகுதில வாங்குன தம்ப் டிரைவ்ல எழுதி, ஆன் பண்ணும்போது ஆப்ஷன் கீய அழுத்திப் புடிச்சா ஈஎஃப்ஐ பூட்னு மஞ்சள் ஐகான் வரும், அதத் தட்டினா போதும். இன்ஸ்டால் இருபது நிமிஷம்கூட ஆகல. (அக்கா போட்டோ எல்லாத்தையும் முன்னாடியே காப்பி பண்ணிட்டேன், இல்லன்னா வீட்டுக்குள்ள நுழைய முடியாது.)

ரீஸ்டார்ட் ஆனதும் பார்த்தா வைஃபை ஐகானே இல்ல. உள்ள இருக்கற வைஃபை சிப்ப இயக்கற டிரைவர் சாஃப்ட்வேர் ஓப்பன் சோர்ஸ் இல்ல, தனியா போடணும், அதுக்கு நெட் வேணும், நெட்டுக்கு வைஃபை வேணும்! இந்த மெஷின்ல லேன் போர்ட்டும் கிடையாது. கடைசில ஆண்ட்ராய்டு போன கேபிள்ல சொருகி, போனோட நெட்ட கம்ப்யூட்டருக்குக் குடுக்கற யூஎஸ்பி டெதரிங்க ஆன் பண்ணேன், உடனே நெட் வந்துடுச்சு, டிரைவர் மேனேஜர்ல அந்த டிரைவர டிக் பண்ணி இன்னொரு ரீஸ்டார்ட், முடிஞ்சுது. இது முதல்லயே தெரிஞ்சிருந்தா வெள்ளிக்கிழமை மத்தியானம் மிச்சம்.

சூடு கொஞ்சம் ஓவரா இருந்துச்சு, ஃபேன் வேகத்தக் கவனிச்சுக்கற எம்பிபிஃபேன் புரோகிராம் போட்டதும் ஃபேன் ஒழுங்கா சுத்துது. தமிழ் டைப்பிங்குக்கு ஐபஸ், எம்17என்னுன்னு ரெண்டு சாஃப்ட்வேர் போட்டேன். அப்பாவுக்கு இங்கிலீஷ்ல அடிச்சா தமிழா வர்ற கீபோர்டுதான் சரிப்படும், அத வச்சு விட்டேன்.

உண்மையான சண்டை கேமராவோடதான். இந்த மாடல்ல கேமரா யூஎஸ்பில இல்ல, போர்டுக்குள்ள இருக்கற பிசிஐஇ-ங்கற வேற இணைப்புல உக்காந்திருக்கு, அதனால சாதாரண வெப்கேம் டிரைவர் அதத் தொடவே தொடாது. கேமரா எப்படி வேலை செய்யுதுன்னு ஆர்வலர்கள் தாங்களே ஆராய்ஞ்சு (ரிவர்ஸ் எஞ்சினியரிங்) எழுதுன ஃபேஸ்டைம்ஹெச்டி டிரைவர கிட்ஹப் சைட்ல இருந்து எடுத்து, கேமராவுக்குள்ள ஓடற ஃபர்ம்வேர தனியா பிரிச்செடுத்து, டிரைவர கம்பைல் பண்ணி, ராத்திரி ஒரு மணிக்கு என் தூங்கு மூஞ்சி ஸ்கிரீன்ல தெரிஞ்சப்ப கத்திட்டேன், அம்மா எந்திரிச்சு வந்துட்டாங்க.

ரெண்டு வாரத்துல லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலுக்கு அப்டேட் ஒண்ணு வந்துச்சு, வைஃபை அப்படியே இருந்துச்சு, கேமரா மட்டும் காணோம். கெர்னல் மாறுனா டிரைவர அதுக்கேத்த மாதிரி திரும்ப பில்ட் பண்ற டிகேஎம்எஸ்ல சேர்க்காம, அவசரத்துல வெறுமனே make install கமாண்ட் அடிச்சு விட்டது என் தப்பு, வைஃபை டிரைவர் டிகேஎம்எஸ்ல இருந்ததால ஒவ்வொரு கெர்னலுக்கும் தானா பில்ட் ஆகிடுது. திரும்ப உக்காந்து கேமராவையும் அதுல சேர்த்தேன்.

இப்ப ஒரே தொல்லை, மூடியத் திறந்து சஸ்பெண்ட்ல இருந்து எழுப்புனா சில நேரம் கேமரா எந்திரிக்காது, அதோட டிரைவர் மாட்யூல கமாண்ட் அடிச்சு இறக்கித் திரும்ப ஏத்தணும். மூடிய மூடாதீங்கப்பான்னு சொல்லி வச்சிருக்கேன், தூசு படியும்டான்னு மூடிடறாரு.