பெலிண்டாவின் தற்குறி

பாஸ்டனில் இரண்டாவது குளிர்காலம் முடியப்போகும் நேரத்தில் எனக்கு ஓர் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. பழைய வீடொன்றைக் காக்கும் அருங்காட்சியகத்தில் ஆவணங்களைப் படித்து, பார்வையாளர்களுக்குச் சிறு குறிப்புகள் எழுதும் வேலை. சம்பளம் கிடையாது, படிப்பில் மதிப்பெண்ணாகச் சேரும். "அதற்கா கடல் தாண்டிப் போனாய்?" என்று அப்பா கேட்டார்.

மாணவ விசாவில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படிப்போடு சேர்ந்த இப்படிப்பட்ட பயிற்சிக்கு, முதல் நாளுக்கு முன்பே சி.பி.டி. என்கிற பயிற்சி அனுமதி, கல்லூரி தரும் ஐ-20 என்ற மாணவச் சான்றுத் தாளில் ஏறியிருக்க வேண்டும். பொதுவாக ஒரு கல்வியாண்டு முடித்திருக்கவும் வேண்டும். "திங்கட்கிழமை வந்துவிடு" என்று யாராவது அன்பாக அழைத்தாலும் தாள் வரும்வரை போகாதீர்கள்.

பச்சை வழி ரயிலின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, உறைபனியில் வழுக்காமல் நடந்தால் மெட்ஃபோர்டின் ஜார்ஜ் தெரு. ராயல் ஹவுஸ் என்ற பெயரைக் கேட்டு அரச மாளிகை என்று நினைத்திருந்தேன். ராயல் என்பது குடும்பப் பெயராம். ஆன்டிகுவா தீவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த ஐசக் ராயல், 1732இல் இந்த இடத்தை வாங்கி வீட்டைப் பெரிதாக்கி, 1737இல் குடிவந்தார். கூடவே குறைந்தது 27 அடிமைகளையும் கொண்டுவந்தார். அடிமை முறை தெற்கு மாநிலங்களின் சங்கதி என்றே படித்து வந்தவள் நான். இங்கே மூன்று மாடி மாளிகைக்கு எதிரிலேயே அந்த மக்களின் குடியிருப்பும் நிற்கிறது. அமெரிக்காவின் வடபகுதியில் இப்படித் தனிக் கட்டடமாக எஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்கிறார்கள்.

ராயலின் மகன், அதே பெயர்க்காரர், விட்டுச்சென்ற சொத்தில்தான் ஹார்வர்டின் முதல் சட்டப் பேராசிரியர் பதவி உண்டானது. அந்தக் குடும்பச் சின்னத்தின் மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுகள் 2016வரை சட்டப் பள்ளியின் சின்னத்தில் இருந்தன.

எனக்குக் கொடுத்த வேலை பெலிண்டாவைப் பற்றி நூறு சொல்லுக்குள் ஒரு குறிப்பு எழுதுவது. மேற்கு ஆப்பிரிக்காவில் சிறுமியாக இருந்தபோது பிடிக்கப்பட்டு விற்கப்பட்டவர். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ராயல்களுக்கு உழைத்தவர். அமெரிக்கப் புரட்சி வெடித்ததும் முதலாளியான மகன் ராயல் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். பெலிண்டா 1783 பிப்ரவரியில் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு மனுப் போட்டார். தனக்கும் நோயாளி மகள் பிரைனுக்கும், தன் உழைப்பால் பெருகிய சொத்திலிருந்து பங்கு வேண்டும் என்று கேட்டார். ஆண்டுக்கு 15 பவுண்டு 12 ஷில்லிங் கொடுக்கச் சொல்லி உத்தரவானது. பணம் ஒழுங்காக வரவில்லை. விடாமல் மனு எழுதிக்கொண்டே இருந்தார், 1793வரை.

முதல் மனுவின் அடியில் அவர் கையெழுத்து இல்லை, குறி ஒன்றுதான். "எழுதப் படிக்கத் தெரியாத பெலிண்டா" என்று என் வரைவைத் தொடங்கியிருந்தேன். பொறுப்பாளர் அம்மையார் பென்சிலால் அதைச் சுழித்தார். "இந்தத் தாள் சொல்வது அவர் ஒரு குறி போட்டார் என்பதை மட்டும்தான். அதோடு, இத்தனை செய்தவரை அறிமுகப்படுத்த முதலில் அவருக்குத் தெரியாததா நினைவுக்கு வருகிறது?"

எனக்குச் சுருக்கென்றது. நம்மிடம் இதற்குச் சொல்லே இருக்கிறது: தற்குறி. பழைய பத்திரங்களில் பெயருக்கு அருகே அது தன் கைப்பட இட்ட அடையாளம். எங்கள் வீட்டிலோ அது வசைச்சொல். கணக்குப் பாடத்தில் தோற்றபோது பாட்டி என்னை எத்தனை முறை அப்படித் திட்டியிருக்கிறாள்! நூறு சொல்லைப் பதினோரு முறை திருத்தினேன். கடைசி வடிவம் "பெலிண்டா கேட்டார்" என்று தொடங்கியது.

அன்று இரவு அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். தஞ்சாவூர்ப் பக்கம் எங்களுக்கு நிலம் இருந்தது. பண்ணையாட்களுக்கு 1952இல் பாதுகாப்புச் சட்டம் வந்ததைத் தாத்தா ஏதோ இழவு செய்தி போலச் சொல்வார். பரண்மேல் அவருடைய பத்திரப் பெட்டி இன்னும் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பழுப்பேறிய கடன் சீட்டு. தாத்தாவின் பெயர் அப்பன் பெயர், ஊர் எல்லாவற்றோடும் இரண்டு வரிக்கு நீள்கிறது. கடன் வாங்கியவருக்கு ஒற்றைப் பெயர். பக்கத்தில் குறுக்காக இரண்டு கோடுகள். கீழே எழுத்தர் கையால் 'தற்குறி'.

"யார்ப்பா இவர்?"

"தெரியவில்லையம்மா. கொல்லைப்பக்கம் இருந்தவர்களில் ஒருவராக இருக்கும்."

"பெட்டியில் இன்னும் எத்தனை இருக்கிறது?"

"ஒரு கட்டு இருக்கிறது" என்றார். எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பின்பக்கத்தையும் சேர்த்து.